அமெரிக்கா விடுதலையான ஞாயிற்றுக்கிழமை

தம்பி, நீங்க இந்தப் பக்கம் தள்ளி வந்துருங்க, சன்னலோரத்துல நான் உக்காந்துக்கிடுறேன். பஸ்சு கயத்தாறு தாண்டுற வரைக்கும் வெயில் இடது பக்கம்தான் அடிக்கும். நீங்க சட்டை மடிப்புக் கலையாம வந்திருக்கீங்க, வேர்த்து விறுவிறுத்துப் போயிரும். எனக்கு வெயிலும் ஒண்ணு, மழையும் ஒண்ணு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பையை மேல வையுங்க. அங்க இல்ல, இங்க. ஆங், அப்படி.

அது என்ன பேப்பர்? முதப் பக்கத்துலயே அமெரிக்காக்காரன் போர்க்கப்பலா? மடிச்சு வையுங்க தம்பி, கும்பிட்டுக் கேக்கேன். அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலையில பத்திக்கிட்டு வருது. போன வாரம்னா நானே வாங்கிப் படிச்சு உங்களுக்கு வெளக்கம் சொல்லியிருப்பேன். இன்னைக்கு முடியாது. முந்தாநாள் ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கோவில்பட்டியில, அமெரிக்காவை விடுதலை பண்ணிட்டாக. நிரபராதியாம். பத்தொம்பது வருசமா நான் குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கிக் குடுத்த அமெரிக்காவை, நான் பேரு வச்சு வளத்த பிள்ளை வாதாடி வெளிய கொண்டாந்துட்டா.

சிரிக்காதீங்க. உங்களுக்கு விசயம் தெரியாது. சொல்றேன், திருநெல்வேலி போறதுக்குள்ள சொல்லிருவேன்.

எங்க தெருமுக்குல ஒரு படிப்பகம் இருக்கு. தோழர்கள் நாங்க ஓலைக் கொட்டகையில ஆரம்பிச்சது, இப்ப தளம் போட்ட கட்டடம். வருசத்துக்கு ஒருதரம் வழக்காடு மன்றம் வைப்போம். பட்டிமன்றம் இல்ல தம்பி, அது ஆளுக்கு நாலு சிரிப்பாணி சொல்லிட்டுப் போறது. இது கோர்ட்டு மாதிரி. ஒருத்தர் வழக்குத் தொடுக்கணும், ஒருத்தர் மறுக்கணும், நடுவர் தீர்ப்புச் சொல்லணும். மத்த ஊர்ல புராணத்துல உள்ளவுகளைக் கூண்டுல ஏத்துவாக. எங்க ஊர்ல அமெரிக்காவை ஏத்துவோம். அந்நிய நாட்டுக்குள்ள போயி ஆளுறது குத்தமா இல்லையா, அதுதான் வழக்கு. தொடுக்குறது நான், சங்கையா. கோவில்பட்டிப் பஞ்சாலையில இருபத்தெட்டு வருசம் தறியோட கத்தின தொண்டை, மைக்கு தேவையில்ல. எதிர்வழக்கு ஞானமுத்து வாத்தியார். நடுவர் அழகர்சாமி, முன்சீப் கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, சட்டம்னா வெத்தலை மாதிரி மெல்லுவாரு.

ஞானமுத்து வாத்தியாரு லேசுப்பட்ட ஆளு இல்ல, அதையும் சொல்லணும். "மிசன் பள்ளிக்கூடத்துல அமெரிக்காப் பால்பவுடரும் மஞ்சச் சோள உப்புமாவும் தின்னுதான் நான் எழுத்துப் படிச்சேன்"னு ஆரம்பிப்பாரு. "சப்பானைத் தோக்கடிச்சான், அப்புறம் அவனே தூக்கி நிறுத்தலையா? ஊசி மருந்து குடுக்கலையா? போற இடத்துல ரோடு போடலையா? அவன் போகலைன்னா அவனைவிடக் கேடுகெட்டவன் ஒருத்தன் போயிருப்பான்"ம்பாரு. நான் எந்திரிப்பேன். "பால்பவுடரைக் குடுத்துட்டு நாக்கை வாங்கிட்டுப் போயிட்டான், அதான் வாத்தியாரு இப்படிப் பேசுறாரு"ன்னு ஒரே போடு. சனம் கைதட்டும். வாத்தியாரும் சேந்து கைதட்டுவாரு. அது மனுசன்.

அப்புறம் என் பிரம்மாஸ்திரத்தை எடுப்பேன். பிலிப்பைன்ஸ். பேரு கேட்டிருப்பீங்க, கதை தெரியாது உங்களுக்கு. ஸ்பெயின்காரன் முந்நூறு வருசத்துக்கு மேல அந்தத் தீவுகளைப் போட்டு மிதிச்சுக்கிட்டிருந்தான். அந்தச் சனமே எந்திரிச்சுச் சண்டை போட்டுச்சு, கொடி ஏத்துச்சு. அப்பத்தான் அமெரிக்காக்காரன் கப்பல்ல வாறான், "உங்களை விடுவிக்க வந்திருக்கோம்"னு. ஸ்பெயின்காரனை அடிச்சு வெரட்டினான். சரி, வந்த வேலை முடிஞ்சுதுல்லா, போகணுமா இல்லையா? போகல. ஏம்ப்பா போகலன்னு கேட்டா, "இவுகளுக்குத் தங்களைத் தாங்களே ஆளுற பக்குவம் வரல, வந்ததும் போயிருவோம்"ங்கான். எதுத்துக் கேட்ட சனத்தைச் சுட்டுத் தள்ளினான். கிட்டத்தட்ட அம்பது வருசம் தம்பி! வெரட்ட வந்தவன் வீட்டுக்காரனாயிட்டான். இந்த எடத்துல நான் மேசையில ஒரு குத்து விடுவேன். "பக்குவம் வரலன்னு சொல்ல நீ யாருடா?"ன்னு. அந்தக் குத்துலயே தீர்ப்பு வந்துரும்.

இப்ப வீட்டு விசயத்துக்கு வாறேன். ரெண்டும் ஒரே விசயம் இல்ல, நல்லா கேட்டுக்கிடுங்க. ஒண்ணாக்கினது அந்தப் பிள்ளை.

எனக்கு ஒரே தம்பி, குருசாமி. தனி வீடு, பக்கத்துத் தெரு. வீட்டை ஒட்டி ஒரு மாவு மில்லு வச்சிருந்தான். ஈராக்குல அமெரிக்கா புகுந்துச்சு பாருங்க, அந்த வருசம் செத்துப் போனான். நெஞ்சுவலி. பொண்டாட்டி செண்பகவல்லி, ஒத்தப் பொம்பளப் பிள்ளை. பிள்ளைக்கு வாலண்டினான்னு பேரு வச்சதே நான்தான். செண்பகவல்லி என்னமோ அவ ஆத்தா பேரை வைக்கணும்னு நெனச்சிருந்தாளாம். ஆகாயத்துக்குப் போன முதப் பொம்பளை பேரு, அதைவிடவா? கூட்டத்துல வச்சு அறிவிச்சுட்டேன், அப்புறம் மாத்த முடியுமா.

குருசாமி காரியம் முடிஞ்ச பத்தாம் நாளே செண்பகவல்லியோட அண்ணன் மாரிக்கனி சாத்தூர்லருந்து வந்து மில்லுல உக்காந்துட்டான். குடிகாரப் பய. மில்லு எனக்குத்தான்னு சொல்லி, தங்கச்சியக் கைநீட்டி அடிச்சிருக்கான். வாலண்டினா ஓடி வந்தா, பத்து வயசு அப்ப, மூச்சு வாங்க, "பெரியப்பா, அம்மா உங்களை வரச் சொல்றாங்க"ன்னு. நான் போனேன். தோழர்கள் எட்டுப்பேரு கூட வந்தாக. மாரிக்கனியத் தெருவோட இழுத்துட்டுப் போயி சாத்தூர் பஸ்ல ஏத்தினோம். திரும்பி இந்த மண்ணை மிதிச்சா காலு இருக்காதுன்னேன். இன்னைக்கு வரைக்கும் மிதிக்கல. அதைப் பண்ணினது யாரு? நான்.

சரி, அதோட திரும்பி வந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. கேக்கலையா? கேக்குற மாதிரிப் பாத்தீங்க. எப்படி வர முடியும்? மாரிக்கனி மறுபடி வந்தா? மில்லுன்னா மோட்டாரு, பெல்ட்டு. சேலை முந்தானை மாட்டுச்சுன்னா ஆளையே உள்ள இழுத்துரும். அனுபவம் இல்லாத பொம்பளை என்ன பண்ணுவா? நாலு மாசம் பாத்துக் குடுத்துட்டு வருவோம்னுதான் உக்காந்தேன். அதே வருசம்தான் பஞ்சாலையை மூடி எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருந்தாக, எனக்கும் கையி சும்மாதான் இருந்துச்சு. ஆனா அதுக்காகப் போகல. எழுதி வச்சுக்கிடுங்க, அதுக்காகப் போகல.

போயிப் பாத்தா மில்லு மில்லாவா இருந்துச்சு? பொம்பளைக திருகைக்கல்லைச் சுத்தி உக்காந்த மாதிரி உக்காந்து ஊர்க்கதை பேசுறாக. முந்தி வந்தவ அரிசி பின்னாடி, பிந்தி வந்தவ மொளகா முன்னாடி. நான் ஒழுங்கு கொண்டாந்தேன். டோக்கன் போட்டேன். மொளகா செவ்வாய்க்கிழமை மட்டும். தரைக்குச் சிமெண்ட் போட்டேன். 'செண்பகம் மாவு மில்'னு இருந்த போர்டை எடுத்துட்டு 'உழைப்பாளர் மாவு மில்'னு மாத்தினேன். ரெண்டு பூட்டா வாங்கிப் போட்டேன், பாதுகாப்புக்கு. சாவி எங்கிட்ட இருக்கும். காலையில நான் வந்து தெறப்பேன், சாயங்காலம் நான் பூட்டுவேன். அவுகளுக்கு ஒரு சிரமம் குடுத்ததில்ல.

சர்வாதிகாரம் பண்ணினேன்னு ஒரு பய சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் ஓட்டுக்கு விடுவேன். ரெண்டு குடும்பமும் உக்காரும். நான், எம் பொண்டாட்டி வெள்ளத்தாய், எம் மகன் ஹோசிமின், இந்தப் பக்கம் மூணு. செண்பகவல்லி, வாலண்டினா, அந்தப் பக்கம் ரெண்டு. மில்லு எங்கிட்ட இருக்கட்டுமான்னு வருசா வருசம் கேப்பேன். மூணுக்கு ரெண்டு. பத்து வயசுப் பிள்ளைக்கு ஓட்டுரிமை குடுத்தவன் தம்பி நான்! எந்த நாட்டுல உண்டு?

இதுல ஒரு சங்கதி இருக்கு. எங்க பக்கம் தம்பி பொண்டாட்டி மூத்த அத்தான் மூஞ்சிக்கு நேரா நின்னு பேச மாட்டா. கதவுக்குப் பின்னால நிப்பா, முந்தானை மட்டும் தெரியும். நான் பழைய பழக்கமெல்லாம் ஒழியணும்னு பேசுறவன்தான். ஆனா அது மரியாதைல்லா, அதை எதுக்கு ஒழிக்க? அதனால செண்பகவல்லி சொல்றதை வாலண்டினாதான் வந்து சொல்லுவா. "பெரியப்பா, அம்மா கேக்குறாங்க, மில்லைக் காலையில அவங்களே தெறந்துக்கிடலாமான்னு." "பெரியப்பா, அம்மா சொல்றாங்க, வெள்ளிக்கிழமையும் மொளகா போட்டா நல்லாயிருக்குமாம்." நான் பிள்ளைக்கு ஒரு முட்டாய் குடுத்து, "பெரியப்பா பாத்துக்கிடுவேன்னு சொல்லு"ன்னு அனுப்பிருவேன். பதினோரு வருசம் அந்தப் பிள்ளை ஆத்தாளுக்காக வாதாடியே வளந்திருக்கா. எனக்கு அப்ப ஒறைக்கல. சும்மா வாயாடின்னு நெனச்சேன்.

படிக்க வச்சது யாரு? நான். பி.காம் முடிச்சா. முடிச்ச கையோட வந்து நிக்கா, "பெரியப்பா, மில்லை இனி நானும் அம்மாவும் பாத்துக்கிடுறோம். மசாலாப்பொடி அரைச்சுப் பாக்கெட் போடலாம்னு இருக்கோம்"னு. எனக்கு வந்துச்சே கோவம். உழைப்பாளர் மில்லுல பாக்கெட் வியாபாரமா? "உங்கம்மாவுக்கு மில்லு நடத்துற பக்குவம் இன்னும் வரல, வந்ததும் நானே கூப்பிட்டுச் சாவியக் கையில குடுப்பேன்"னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா.  சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

அப்பத்தான் ஞானமுத்து வாத்தியாரு குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டாரு. பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரி. வழக்காடு மன்றத்துக்கு அஞ்சு நாள்தான் கெடக்கு, நோட்டீஸ் ஒட்டியாச்சு. எதிர்வழக்குக்கு ஆள் இல்ல. ஒருத்தனும் அமெரிக்காவுக்காகப் பேச வரமாட்டேங்கான், அவ்வளவு தூரம் நான் வளத்து வச்சிருக்கேன் ஊரை. எதிர்வழக்காட ஆளில்லாம யாரையும் தண்டிக்கக் கூடாதுன்னு படிப்பகத்துல விதி. போட்டது நான். அப்ப வாலண்டினா சொல்றா, "நான் பேசுறேன் பெரியப்பா."

எனக்கு சந்தோசந்தான். நம்ம பிள்ளை மேடை ஏறுதே. நானே உக்காந்து அமெரிக்காவுக்காக நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன். தோக்குறதுக்குத் தோதாத்தான் எழுதினேன், பொய் எதுக்கு. வாங்கிக்கிட்டா. "நல்லாயிருக்கு பெரியப்பா"ன்னா.

ஞாயித்துக்கிழமை நல்ல கூட்டம். ஒரு நாளும் படிப்பகத்துப் பக்கம் வராத மாவு மில்லுப் பொம்பளைக இருபது பேரு வந்து முன்னால சமுக்காளத்துல உக்காந்திருக்காக. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். பிள்ளை முதமுதல்ல பேசுறா, கேக்க வந்திருக்காகன்னு நெனச்சு நானே பெஞ்சை நகத்திப் போட்டு எடம் பண்ணிக் குடுத்தேன்.

நான் பேசினேன். வியட்நாம், ஈராக்கு, பிலிப்பைன்ஸ். மேசையில குத்தினேன். கைதட்டு. உக்காந்து துண்டால தொடச்சுக்கிட்டேன்.

அவ எந்திரிச்சா. நான் எழுதிக் குடுத்த தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா. கொரலு நிதானமா இருந்துச்சு. "நடுவர் அவர்களே, பெரியப்பா, கூண்டுல நிக்கிற எதிரி அமெரிக்கா மேல நாலு குத்தம் சொன்னாங்க. முதக் குத்தம், அடுத்தவங்க வீட்டுக்குள்ள வந்தது. எங்க வீட்டுக்குள்ளயும் ஒருத்தர் வந்தாங்க. எங்க மாமா எங்கம்மாவ அடிச்சப்ப வந்து வெரட்டினாங்க. அன்னைக்கு அவங்க வரலைன்னா எங்கம்மா உயிரோட இருந்திருக்க மாட்டாங்க. வந்தது தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. சத்தியமாச் சொல்றேன். இத்தனை பேரு முன்னால நன்றி சொல்லுதே பிள்ளைன்னு. பக்கத்துல இருந்தவன் என் தோள்ல தட்டுறான்.

"ரெண்டாவது குத்தம், வந்த வேலை முடிஞ்சும் திரும்பிப் போகாதது. எங்க பெரியப்பாவும் போகல. ஆனா அவங்க கெட்டவங்களா? கெட்டவங்கன்னு நெனக்கிறவங்க கையத் தூக்குங்க." ஒரு கை தூக்கல. நான் எல்லாப் பக்கமும் திரும்பிப் பாத்தேன், ஒரு கை தூக்கல. "மூணாவது, பள்ளிக்கூடம் கட்டினான், ரோடு போட்டான், அதைக் காட்டி ஆண்டான்னாங்க. என்னையும் படிக்க வச்சாங்க. மில்லுக்குச் சிமெண்ட் போட்டாங்க. நல்லதுதானே? நாலாவது, அந்தச் சனத்துக்குப் பக்குவம் இல்லைன்னு சொன்னது. எங்கம்மாவுக்கும் பக்குவம் வரலைன்னு போன மாசம் பெரியப்பா சொன்னாங்க. அவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும். அதனால எங்க பெரியப்பா எப்படி நல்லவங்களோ, அப்படியே எதிரியும் நல்லவர்தான். விடுதலை பண்ணணும்னு கேட்டுக்கிடுறேன். எதிரி குற்றவாளின்னு இந்த மன்றம் சொன்னா..." அப்படின்னு நிறுத்தினா. "அதுக்கு மேல நான் பேச மாட்டேன். அவங்க எங்க பெரியப்பா."

உக்காந்துட்டா.

 அப்புறம் பின்னால எவனோ ஒருத்தன் 'க்ளுக்'னான். அவ்வளவுதான், படிப்பகமே சிரிக்குது. நான் எந்திரிச்சேன். "அதுவும் இதுவும் ஒண்ணா?"ன்னேன். அழகர்சாமி கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு, "எப்படி வேறன்னு மன்றத்துக்கு வெளக்குங்க தோழர்"ங்காரு. "நான் அவுக நன்மைக்காக இருக்கேன்"னேன். "எதிரியும் அதைத்தானே சொல்றாரு?" "நான் ஓட்டு வச்சேன்!" "எத்தனைக்கு எத்தனை?" "மூணுக்கு ரெண்டு." மறுபடி சிரிப்பு. "அமெரிக்காக்காரன் அந்நியன், நான் ரத்த சொந்தம்!"னு கத்தினேன். சமுக்காளத்துலருந்து ஒருத்தி, மொளகாப்பொடி அரைக்க வாற கெழவி, டோக்கனைத் தொலைச்சதுக்கு ஒருநாள் நான் திருப்பி அனுப்பினவ, அவ எந்திரிச்சு, "சொந்தம்னா ரெண்டு பூட்டு எதுக்குய்யா?"ங்கா.

நான் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்தேன். 

அழகர்சாமி தீர்ப்பை வாசிச்சாரு. வழக்குத் தொடுத்தவரே எதிரியோட நல்ல நடத்தைக்குச் சாட்சியா ஆயிட்டதுனால, சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் குடுத்து, அமெரிக்காவை விடுதலை பண்றேன்னாரு. பத்தொம்பது வருசம் தம்பி! அந்தப் படிப்பகத்துச் செங்கல் ஒவ்வொண்ணும் நான் சுமந்தது. அதுக்குள்ளயே அமெரிக்கா செயிச்சுட்டுப் போறான். அந்த நாசமாப் போறவன் அங்க இருந்துக்கிட்டு இங்க செயிக்கான்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அமெரிக்காக்காரன்கிட்ட விலை போயிட்டா, மாரிக்கனி தூண்டிவிட்டிருக்கான், இது அந்நியச் சதின்னேன். வெள்ளத்தாய் கீரை ஆஞ்சுக்கிட்டே சொல்றா, "நீங்க சாவியக் குடுத்துட்டு வந்துருங்க. அமெரிக்கா தன்னால குத்தவாளியாயிரும்." பாருங்க, பொம்பளை அறிவு. நான் பேசுறது தத்துவம், இவ சாவியைப் பேசுறா.

நேத்துக் காலையில நான் மில்லுக்குக் கெளம்ப சட்டை போடுறேன். வாசல்ல செண்பகவல்லி. கதவுக்குப் பின்னால இல்ல தம்பி. முன்னால. நட்டநடு வாசல்ல, தலை நிமிந்து. வாலண்டினா கூட வரல. பதினோரு வருசத்துல அந்த மூஞ்சிய நான் முழுசாப் பாத்ததில்ல. முடி நரைச்சிருக்கு. எனக்குத் தெரியாது நரைச்சது.

"பெரியத்தான், நீங்க எங்களுக்கு நல்லதுதான் பண்ணினீக. இல்லைன்னு நான் எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டேன். போதும்." கைய நீட்டிக்கிட்டு நின்னா.

போதுமாம். என்ன போதும்? சாப்பாட்டுப் பந்தியா இது, எலையில கைய மறிச்சுப் போதும் போதும்னு சொல்ல?  ஞாயித்துக்கிழமை அத்தனை பேரு சிரிச்சது கூட எனக்கு இப்படி வலிக்கல. வைதிருந்தா நானும் வைதிருப்பேன். அழுதிருந்தா ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பேன். அவ கைய நீட்டிக்கிட்டு சும்மா நிக்கா.

"ஓட்டுக்கு விடுவோம்"னேன். எல்லாரையும் கூப்பிட்டேன். சாவி செண்பகவல்லிக்குப் போகணும்ங்கிறவுக கையத் தூக்குங்கன்னேன். செண்பகவல்லி, வாலண்டினா. ரெண்டு. எதிர்பாத்ததுதான். கீரைக்கையோட வெள்ளத்தாயும் தூக்குறா. மூணு. எம் மகனைப் பாத்தேன். ஹோசிமின்! அமெரிக்காவ முட்டிபோட வச்ச மனுசன் பேரை வச்சிருக்கேன் அந்தப் பயலுக்கு. அவனும் தூக்குறான், என் மூஞ்சியப் பாக்காம.

நாலுக்கு ஒண்ணு. சரி, விட்டுருவேனா? மூத்தவன்னு ஒரு தனி உரிமை உண்டுல்லா. ஐக்கிய நாட்டுச் சபையில என்ன பண்றாக? எத்தனை நாடு கையத் தூக்கினாலும் பெரிய நாட்டுக்கு ஒரு வீட்டோ உண்டு. வீட்டோன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன். வாலண்டினா என்னை ஒரு மாதிரிப் பாத்தா. சிரிப்பு இல்ல அது. பாவப்பட்ட மாதிரி. அதான் இன்னும் பொறுக்க முடியல.

நேத்துப் பூரா மில்லைத் தெறக்கல. இன்னைக்கும் தெறக்கல. இந்தா, சாவி ரெண்டும் என் பையில. ஊறப்போட்ட அரிசியோட பொம்பளைக வாசல்ல நிப்பாக, பிலிப்பைன்ஸ்காரி எல்லாம் நல்லா நிக்கட்டும். நான் இல்லாம என்ன நடக்குதுன்னு தெரியட்டும். நான் பாளையங்கோட்டைக்குப் போறேன், ஞானமுத்து வாத்தியாரைப் பாக்க. இத்தனை வருசம் அமெரிக்காவுக்காக வாதாடினவரு, அந்த வாதத்துல ஓட்டை எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். பிள்ளை பேசினதுக்கு என்ன பதில்னு கேட்டு எழுதிட்டு வந்து மேல்முறையீடு போடப் போறேன். நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணா? என்ன பேசாம இருக்கீங்க?

இருங்க, போன் அடிக்குது. வெள்ளத்தாய்.

என்னடி? கேக்குது, சொல்லு... என்னது? மில்லு ஓடுதா? சாவி எங்கிட்டல்ல இருக்கு... அறுத்துட்டானா? எவன்? ஹோசிமினா? ரெண்டு பூட்டையுமா?... யாரு மோட்டாரைப் போட்டது? செண்பகவல்லியா? ஏ கூறுகெட்டவளே, முந்தானை மாட்டிக்கிடப் போகுது, நிறுத்தச் சொல்லு... போனை அந்தப் பக்கம் பிடி. பிடிடீ, சத்தம் கேக்கட்டும்.

...

கல்லு சரியான நெருக்கத்துல ஓடுது தம்பி. ஈர அரிசி போட்டிருக்கா. ஈர அரிசிக்கு அடைக்கும், எனக்கே அடைக்கும், நின்னு நின்னுதான் போகும். இது ஒரே சீரா ஓடுது. கேளுங்க, நீங்களும் கேளுங்க, காதுல வச்சு.

குடுங்க இங்க. ஏட்டி, யாரு அவளுக்குக் கத்துக் குடுத்தது? நான் அந்தப் பெல்ட்டுப் பக்கமே அவளை நிக்க விட்டதில்லையே... என்ன? எப்ப?... நீ எங்கிட்ட ஏன் சொல்லல?

வச்சுட்டா. ஆமா, வச்சுட்டா.

குருசாமி இருக்கும்போதே மில்லை ஓட்டினது செண்பகவல்லிதானாம். அவன் வாசல்ல உக்காந்து பேப்பர்தான் படிப்பானாம். பெல்ட்டு மாட்டுறது, தேஞ்ச கல்லைக் கொத்துறது, எல்லாம் அவளாம். தெருவுக்கே தெரியுமாம். ஏன் எங்கிட்டச் சொல்லலன்னு கேட்டேன்லா. நான் மில்லுல போயி உக்காந்த அன்னைக்கே வெள்ளத்தாய் சொல்றதுக்கு வந்தாளாம். படிப்பகத்துல மேடைக்குக் கீழ ரொம்ப நேரம் நின்னாளாம். நான் மேல பேசிக்கிட்டு இருந்தேனாம், கைய மட்டும் ஆட்டி, போ போன்னு அனுப்பிட்டேனாம்.

ஈராக்குல புகுந்ததைக் கண்டிச்சு நாங்க போட்ட கூட்டமா இருக்கும். முக்கியமான கூட்டம் தம்பி அது.